கிளாப்பா, வேவ்ஃபார்மா, டைம்கோடா: எதில் காசு போடுவது?

போரூரில் புதிதாக வீடியோ யூனிட் ஆரம்பித்திருக்கும் ஒரு பையன் போன வாரம் போன் செய்தான். "அண்ணா, மூணு கேமரா இருக்கு, தனியா ஒரு ரெக்கார்டர் இருக்கு. நாலுக்கும் டைம்கோடு பாக்ஸ் வாங்கிடலாமா?" என்று கேட்டான். கேமராக்களின் படத்தையும் ரெக்கார்டரின் சத்தத்தையும் பின்னால் எடிட்டில் பொருத்துவதற்காக, எல்லாக் கருவியிலும் ஒரே நேரத்தைப் பதிய வைக்கிற சின்னப் பெட்டி அது. கல்யாணம், கச்சேரி, வாரத்துக்கு ஒரு பாட்காஸ்ட், இதுதான் அவன் வேலை. நாலு பாக்ஸ் வாங்குகிற காசில் ஒரு நல்ல லென்ஸே வந்துவிடும் என்பதால் சட்டென்று "வாங்குடா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவனுக்குப் போனில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே கோர்வையாக எழுதிப் பார்க்கிறேன். சாலிகிராமத்தில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, அடுத்தவர்கள் எடுத்து வந்த ஃபுட்டேஜை வருஷக்கணக்காக ஒட்டிக்கொண்டிருப்பவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

படத்தையும் சத்தத்தையும் இப்படிப் பொருத்துவதைச் சிங்க் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், ஆனால் அதற்குள் மூன்று தொல்லைகள் இருக்கின்றன. கேமராவும் ரெக்கார்டரும் வெவ்வேறு நொடியில் ஓட ஆரம்பித்திருக்கும், அது முதல் தொல்லை. ஆரம்பத்தைச் சரியாகச் சேர்த்து வைத்தாலும் இரண்டும் ஒரே வேகத்தில் ஓடாது, அது இரண்டாவது. மேடையில் பிறந்த சத்தம் கடைசி வரிசையில் நிற்கும் கேமராவுக்கு வந்து சேரக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அது மூன்றாவது. கடையில் விற்பவை எல்லாம் பெரும்பாலும் முதல் தொல்லைக்கான மருந்துதான். பாக்ஸ் வாங்கியும் கடைசியில் உதடு ஒரு பக்கம் சத்தம் ஒரு பக்கம் போகிறதே என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவதில் மாட்டிக்கொண்டவர்கள்.

சரி, கிளாப்பிலிருந்து ஆரம்பிக்கலாம். கோடம்பாக்கம் பக்கம் வளர்ந்தவர்களுக்குக் கிளாப் அடிப்பதைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கட்டை மூடுகிற ஃபிரேமைப் படத்தில் பிடி, 'டக்' என்ற கூர்முனையை வேவ்ஃபார்மில், அதாவது சத்தத்தை அலையாக வரைந்து காட்டும் பட்டையில் பிடி, இரண்டையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வை, வேலை முடிந்தது. நொடிக்கு 25 ஃபிரேமில் எடுத்தால் ஒரு ஃபிரேம் 40 மில்லிசெகண்டு. கட்டை பாதி மூடியபடி மங்கலாக ஒரு ஃபிரேம், முழுதாக மூடியபடி அடுத்த ஃபிரேம் என்று வந்தால் அடுத்ததை எடுத்துக்கொள்ளுங்கள். செலவு இல்லை, பேட்டரி இல்லை, எந்த எடிட்டரிலும், அதாவது எடிட்டிங் மென்பொருளிலும், நடக்கும். போர்டுகூட வேண்டாம், இரண்டு கையே போதும்.

இதற்குச் சிக்கல் வருவது இடத்தில்தான். கல்யாண மண்டபத்தில் மூன்று கேமராவும் மூன்று மூலையில் இருக்கும்போது எல்லோரும் பார்க்கும்படி மணமேடைக்கு நடுவில் நின்று கைதட்டினால் பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் "என்னப்பா பண்றே?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. முகூர்த்தத்தைப் பொறுத்தவரை நமக்கு இயற்கையாகவே ஒரு கிளாப் அமைந்திருக்கிறது, கெட்டிமேளம். தாலி கட்டும் நேரத்தில் விழுகிற முதல் தவில் அடி எல்லாக் கேமராவிலும் பதிவாகியிருக்கும், ரெக்கார்டரிலும் இருக்கும். கேமரா மைக்கின் சத்த அளவை, அதாவது கெயினை, ஆட்டோவில் விடாமல் கையால் குறைத்து வைத்திருந்தால், கண்ணாலேயே அந்த அடியைப் பார்த்துச் சேர்த்துவிடலாம். ஆட்டோவில் விட்டால் தவிலும் நாதஸ்வரமும் சேர்ந்து செங்கல் சுவர் மாதிரி ஒரே பட்டையாக நிற்கும், அதில் எந்த அடி எது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

கிளாப்பின் பெரிய பலவீனம், கேமராவை நிறுத்தி நிறுத்தி எடுத்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு கிளாப் வேண்டும் என்பது. டிரடிஷனல் வீடியோ எடுப்பவர் ஒரே ஓட்டமாக ஓட்டுவார், அவருக்கு ஒரு கிளாப் போதும். கேண்டிட் எடுப்பவர் பத்துப் பத்து நொடியாக 400 கிளிப்போடு வந்து நிற்பார். இந்த 400-ஐயும் சிங்க் செய்ய உட்காராதீர்கள். அதில் முக்கால்வாசி ஸ்லோமோஷன், பல கேமராக்களில் அந்த மோடில் சத்தமே பதிவாகாது, எப்படியும் பாட்டின் மேல்தான் போடப் போகிறோம். மாங்கல்யதாரணம், அப்பா பேசுவது மாதிரி நிஜமாகச் சத்தம் தேவைப்படும் கிளிப் இருபது இருந்தால் அதிகம்.

அடுத்தது வேவ்ஃபார்ம். இன்றைக்குப் பெரும்பாலானவர்கள் செய்வது இதுதான், நானும் இதுதான். எல்லாக் கேமராவிலும் ஏதோ ஒரு மைக்கில் சுமாரான சத்தமாவது பதிவாகியிருந்தால், எடிட்டர் அந்தச் சத்தத்தையும் ரெக்கார்டரின் சத்தத்தையும் ஒப்பிட்டுத் தானே சேர்த்துவிடும். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே இது இருக்கிறது. பிரீமியரில் மல்டி கேமரா சீக்வென்ஸ் உருவாக்கும்போது 'ஆடியோ' என்று தேர்ந்தெடுத்தால் போதும், ஃபைனல் கட்டிலும் உண்டு. ஒரு காலத்தில் ப்ளூரல் ஐஸ் என்ற மென்பொருளை இதற்கென்றே தனியாகக் காசு கொடுத்து வாங்கினோம். அந்த வேலையை எடிட்டர்களே செய்ய ஆரம்பித்த பிறகு அதன் காலம் முடிந்துவிட்டது. ஆகவே இப்போது யாராவது பழைய யூடியூப் வீடியோவைப் பார்த்துவிட்டு அதைத் தேடினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இது எங்கே காலை வாரும் என்றால், இரண்டு சத்தமும் ஒரே சத்தமாக இல்லாத இடத்தில். ரிசப்ஷனில் ரெக்கார்டர் மிக்ஸரிலிருந்து பாடகரின் குரலை மட்டும் எடுத்திருக்கும், பின்னால் நிற்கும் கேமராவிலோ பந்தி பேச்சும் குழந்தைகள் அழுகையும் ஏசி இரைச்சலும்தான் அதிகம் இருக்கும். மென்பொருள் என்ன செய்யும் பாவம், ஏதோ ஓர் இடத்தில் கொண்டுபோய் வைக்கும். டிஜே ஒரே லூப்பை மறுபடி மறுபடி ஓட்டினால் எட்டு நொடி முன்னாலோ பின்னாலோ தப்பாகப் பொருந்தி, பார்க்கச் சரி போலவே இருக்கும். இதற்கு மருந்து கேமராவில் கேட்கிற சத்தத்தைத் தரமாக்குவதுதான். கேமராவின் உள் மைக்கை நம்பாமல் ஒரு சின்ன ஷாட்கன் மைக்கை மாட்டி மேடை பக்கம் திருப்பி வைத்தால் பாதிப் பிரச்சினை போய்விடும். ரிச்சி தெருவில் இதற்குத் தோதான மைக் வாங்குவது ஒரு டைம்கோடு பாக்ஸில் சின்ன பங்குகூட ஆகாது.

இப்போது அந்த மூன்றாவது தொல்லைக்கு வருகிறேன், ஏனென்றால் வேவ்ஃபார்மை நம்புகிறவர்கள் யாருமே இதைச் சொல்வதில்லை. ஒரு மார்கழியில் பெரிய சபா ஒன்றில் எடுத்த கச்சேரியை எடிட் செய்தேன். இரண்டு கேமரா மேடைக்குப் பக்கத்தில், ஒன்று கடைசி வரிசைக்குப் பின்னால் நீள லென்ஸோடு, ரெக்கார்டர் மிக்ஸரில். மூன்றையும் மென்பொருளே சேர்த்தது. வேவ்ஃபார்ம்கள் மேலும் கீழும் அச்சு அசலாகப் பொருந்தியிருந்தன, நானும் திருப்தியாக அனுப்பிவிட்டேன். மறுநாள் மிருதங்க வித்வான் போன் செய்தார். "தம்பி, எல்லாம் நன்னா இருக்கு. ஆனா தனியில பின்னாடி கேமரா வர்றப்ப மட்டும் கை முன்னாடி விழறது, நாதம் பின்னாடி வர்றதேப்பா" என்றார். நான் நாலு தடவை பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. ஐந்தாவது தடவை தெரிந்தது, தெரிந்த பிறகு அதைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

கணக்குப் போட்டால் ரொம்ப எளிமையான விஷயம். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 345 மீட்டர் போகும். 40 மில்லிசெகண்டில், அதாவது ஒரு ஃபிரேமில், சுமார் 14 மீட்டர். பின்னால் இருந்த கேமரா மேடையிலிருந்து 28 மீட்டர் தள்ளி இருந்தது என்றால், அதன் மைக்குக்குச் சத்தம் இரண்டு ஃபிரேம் தாமதமாகத்தான் வந்து சேரும். படமோ வெளிச்சம், அதற்குத் தாமதமே கிடையாது. மென்பொருள் அந்தத் தாமதமான சத்தத்தை மிக்ஸர் சத்தத்தோடு பொருத்துவதற்காகக் கிளிப்பையே இரண்டு ஃபிரேம் முன்னால் இழுத்துவிடுகிறது, கூடவே படமும் முன்னால் போய்விடுகிறது. வேவ்ஃபார்ம் பொருந்தியிருப்பதுதான் இங்கே தப்பு. அந்தக் கேமராவை மட்டும் டைம்லைனில் இரண்டு ஃபிரேம் வலது பக்கம் தள்ளினேன், சரியாகிவிட்டது. இப்போதெல்லாம் எந்தக் கேமரா எத்தனை மீட்டரில் நின்றது என்று எடுத்தவர்களிடம் முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன், 14-ஆல் வகுத்தால் வேலை முடிந்தது.

எனக்கு ஏன் தெரியவில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. சத்தம் படத்துக்கு முன்னால் வந்தால் சுமார் 45 மில்லிசெகண்டிலேயே கண்டுபிடித்துவிடுவோம், பின்னால் வந்தால் 125 வரை பொறுத்துக்கொள்வோம் என்று ஐடியு என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பு தன் பிடி.1359 பரிந்துரையில் குறிப்பிடுகிறது. இடி சத்தம் மின்னலுக்குப் பின்னால் வருவதைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறோம், அது நமக்குப் பழக்கம். பேச்சு என்றால் 80 மில்லிசெகண்டு பின்னால் வந்தால் பெரும்பாலோர் கவனிக்க மாட்டார்கள். மிருதங்கம், தவில், பரதத்தில் தட்டுக்கழி என்றால் அடி விழுவது கண்ணுக்குத் தெரிவதால் மாட்டிக்கொள்வோம்.

இனி அவன் கேட்ட டைம்கோடு. டென்டக்கிள், டெய்ட்டி மாதிரி கம்பெனிகள் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதான பாக்ஸ் விற்கின்றன. காலையில் எல்லாப் பாக்ஸையும் ஒன்றோடொன்று சேர்த்து ஒரே நேரத்துக்கு வைத்துவிட்டு ஒவ்வொரு கேமராவிலும் ஒன்று, ரெக்கார்டரில் ஒன்று என்று மாட்டிவிட வேண்டும். மணி, நிமிடம், நொடி, ஃபிரேம் என்று ஒரு முகவரி ஒவ்வொரு கிளிப்பிலும் ஏறிவிடும். எடிட்டரில் 'டைம்கோடு' என்று சொன்னால் 400 கிளிப்பும் கண்மூடித் திறப்பதற்குள் தன் தன் இடத்தில் போய் உட்காரும். சத்தம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே இல்லை. 28 மீட்டர் தள்ளி இருந்தாலும் படம் சரியான இடத்தில்தான் வரும், ஏனென்றால் இது சத்தத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை. நான் முதலில் சொன்ன மூன்றாவது தொல்லைக்கும் இது மருந்தாகிவிடுகிறது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் பையன்களிடம் இருக்கும் சின்ன மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் டைம்கோடு உள்ளே போக வழி கிடையாது. அப்போது பாக்ஸ் அந்த முகவரியைக் கீச்சென்ற ஒரு சத்தமாக மாற்றி மைக் துளை வழியாக ஒரு சேனலில் பதிவு செய்யும். மைக் துளை அதற்குப் போய்விட்டால் நல்ல மைக் மாட்ட இடமில்லை. அந்தக் கீச்சை டாவின்சி ரிசால்வ் நேராகவே படித்துக் கிளிப்புக்கு டைம்கோடாக ஏற்றிக்கொள்ளும், வேறு எடிட்டர் என்றால் பாக்ஸ் கம்பெனி தருகிற மென்பொருளில் முதலில் போட்டு எடுக்க வேண்டியிருக்கலாம். கெயின் அதிகமாக வைத்தால் கீச்சு சிதைந்து படிக்காமல் போகும். கீச்சு பக்கத்துச் சேனலில் லேசாகக் கசிவதும் உண்டு. ஒரு கேமரா 25-இல், ஒன்று 29.97-இல் என்று யாராவது மறந்து வைத்துவிட்டால் டைம்கோடு இருந்தும் பயனில்லை. மதியம் சாப்பிடப் போகும்போது யாரோ ஒரு பாக்ஸைக் கழற்றி, அணைத்து, திரும்ப மாட்டுவார்கள், சேர்த்து வைக்க மறந்துபோவார்கள். இப்படி வந்த ஒரு ஃபுட்டேஜைக் கடைசியில் நான் வேவ்ஃபார்மில்தான் சேர்த்தேன். அதனால் பாக்ஸ் இருந்தாலும் இன்னொரு சேனலில் சுற்றுச் சத்தத்தை எடுத்தே ஆக வேண்டும்.

அப்புறம் எல்லோரும் ஏமாறுகிற இடம் இரண்டாவது தொல்லை. டைம்கோடு ஒரு முகவரிச் சீட்டுதான், அது கேமராவின் கடிகாரத்தைப் பிடித்து நிறுத்துவதில்லை. ஒவ்வொரு கருவிக்குள்ளும் ஒரு சின்ன படிகம் துடித்துக்கொண்டிருக்கிறது, எந்த இரண்டு படிகமும் ஒரே வேகத்தில் துடிப்பதில்லை. பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் என்றாலே ஒரு மணி நேரத்தில் 72 மில்லிசெகண்டு, கிட்டத்தட்ட இரண்டு ஃபிரேம். இரண்டரை மணி நேரக் கச்சேரியில் மங்களம் பாடும்போது நாலைந்து ஃபிரேம் போய்விடும். இதை அடியோடு நிறுத்த வேண்டுமென்றால் எல்லாக் கருவியையும் ஒரே துடிப்பில் ஓட வைக்கும் ஜென்லாக் வேண்டும், அது பெரிய கேமராக்களில் இருக்கிற சமாச்சாரம், நம் பக்கம் வராது. ஆகவே ஆரம்பத்தில் ஒரு கிளாப் அடித்தால் முடிவிலும் ஒன்று அடியுங்கள். சினிமாவில் போர்டைத் தலைகீழாகப் பிடித்து அடிப்பார்களே, அதேதான். இரண்டு முனையும் தெரிந்தால் எவ்வளவு விலகியது என்று அளந்துவிடலாம்.

அளந்த பிறகு நான் ரெக்கார்டர் சத்தத்தைத் தொடுவதில்லை. இரண்டு பாட்டுக்கு நடுவில் கைதட்டல் வருகிற இடத்தில் கேமராக் கிளிப்பை வெட்டி ஒரு ஃபிரேம் தள்ளிவிடுவேன், யாருக்கும் தெரியாது. கார்டு எஃப்ஏடி32 என்ற பழைய ஃபார்மட்டில் இருப்பதால் 4 ஜிபிக்கு ஒரு துண்டாகக் கோப்பு உடைகிற பழைய கேமராவாக இருந்தால் இந்த விஷயத்தில் அதிர்ஷ்டம்தான். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எடுத்தால் ஐந்தரை நிமிடத்துக்கு ஒரு துண்டு வரும், ஒவ்வொன்றையும் தனித்தனியாக வேவ்ஃபார்மில் சேர்த்தால் விலகல் சேரவே நேரம் இருக்காது. ஒரு மணி நேரத்துக்கு 3.6 நொடி விலகுகிறதென்றால் மட்டும் படிகத்தைத் திட்டாதீர்கள். அது ஆயிரத்தில் ஒரு பங்கு, யாரோ 29.97-ஐ 30 என்றோ 23.976-ஐ 24 என்றோ எங்கேயோ குழப்பியிருக்கிறார்கள். போனில் எடுத்த கிளிப் அங்கங்கே முன்னும் பின்னும் அலைந்தால் அது வேரியபிள் ஃபிரேம் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பது நிலையாக இல்லை. ஹேண்ட்பிரேக், ஷட்டர் என்கோடர் மாதிரி ஒரு மென்பொருளில் போட்டு நிலையான 25-க்கு மாற்றிவிட்டு அப்புறம் டைம்லைனுக்குக் கொண்டுவாருங்கள்.

இன்னொன்றையும் வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன். ஒரு ராத்திரி முழுக்க ஒரு பேட்டியை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி நகர்த்திச் சரி செய்தேன். காலையில் ஸ்பீக்கரில் கேட்டால் எல்லாம் தப்பு. ராத்திரி நான் மாட்டியிருந்தது புளூடூத் ஹெட்போன், அதுவே நூறு நூற்றைம்பது மில்லிசெகண்டு தாமதமாகத்தான் காதில் போடும். சிங்க் பார்க்கும்போது ஒயர் ஹெட்போன்.

நாலாவது வழி ஒன்று இருக்கிறது, சிங்க் வேலையே வராமல் பார்த்துக்கொள்வது. பாட்காஸ்ட் மாதிரி ஒரே அறையில் மூன்று கேமராவும் அசையாமல் நிற்கிற வேலைக்கு ஏடெம் மினி ப்ரோ ஐஎஸ்ஓ மாதிரி, பல கேமராவை ஒன்றில் இணைத்து மாற்றி மாற்றிக் காட்டும் ஒரு ஸ்விட்சர் போதும். நாலு எச்டிஎம்ஐ கேமராவையும் தனித்தனியாகவும், நீங்கள் மாற்றி மாற்றிக் காட்டியதைச் சேர்த்தும் ஒரே கடிகாரத்தில் பதிவு செய்துவிடும், கூடவே டாவின்சி ப்ராஜெக்ட் கோப்பும் தரும். முதல் தொல்லையும் இரண்டாவதும் பிறப்பதற்கு முன்பே போய்விடும். ஆனால் கேபிள் நீளம்தான் எல்லை. எச்டிஎம்ஐயைப் பத்து மீட்டருக்கு மேல் இழுத்தால் எப்போது கறுப்பாகும் என்று சொல்ல முடியாது, மண்டபத்துக்கும் சபாவுக்கும் இதை எடுத்துக்கொண்டு போக வேண்டாம். படமும் எச்டிதான், 4கே இல்லை. ஒரே ஒரு கேமராவில் பேட்டி என்றால் அதுகூட வேண்டாம், காலர் மைக்கின் ரிசீவரைக் கேமராவிலேயே மாட்டிவிடுங்கள், ரெக்கார்டரைப் பாதுகாப்புக்கு ஓட்டுங்கள்.

அவனுக்கு நான் சொன்னது இது. பாட்காஸ்டுக்கு ஸ்விட்சர், ஏனென்றால் அது வாராவாரம் வருகிற வேலை, மிச்சமாகிற நேரம் வாராவாரம் சேரும். கல்யாணத்துக்கு வேவ்ஃபார்ம் போதும், கூட ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு நல்ல மைக், கையால் வைத்த கெயின், எல்லாவற்றிலும் 25 ஃபிரேம், ரெக்கார்டரில் 48 கிலோஹெர்ட்ஸ். கல்யாண வீட்டில் டைம்கோடு பாக்ஸுக்குக் காசு போட்டால் அந்தக் காசு திரும்ப வராது, ஏனென்றால் சிங்க் தேவைப்படும் கிளிப் இருபதுதான், அரை மணி நேரத்தில் கையாலேயே முடித்துவிடலாம். கச்சேரிதான் உண்மையில் பாக்ஸ் கேட்கிற வேலை. தூரத்துக் கேமரா, தாளம், நீண்ட ஓட்டம், எல்லாம் சேர்ந்து வருகிறது. ஆனால் அதற்கும் சொந்தமாக வாங்க வேண்டியதில்லை, வருஷத்தில் அவனுக்குக் கச்சேரி வருவதே டிசம்பர், ஜனவரியில்தான். வடபழனி பக்கம் வாடகைக்குக் கிடைக்கும்.

"அப்ப லென்ஸ் வாங்கிடட்டுமா அண்ணா?" என்றான். அதை நான் சொல்லவில்லை என்றேன். சீசனுக்கு நாலு பாக்ஸ் வாடகைக்குப் பேசி வைத்திருக்கிறான். அவன் கேமராவுக்குப் பொருந்துகிற கேபிளை மட்டும் சொந்தமாக முன்கூட்டியே வாங்கி, வீட்டில் வைத்து மூன்று மணி நேரம் ஓட்டிப் பார்த்து, இரண்டு முனையிலும் கிளாப் அடித்து எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.